புதிய போனுக்கு மாறும்போது யுபிஐ, வாட்ஸ்அப், கல்லூரி நோட்ஸ் எதுவும் போகாமல் இருக்க எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் விடுதியில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர். பழைய ஆண்ட்ராய்டு போனிலிருந்து புதிய ஆண்ட்ராய்டு போனுக்கு மாறப் போகிறார். அதை வைத்தே எழுதுகிறேன். ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு முக்கியமாக மாறுவது வாட்ஸ்அப் பகுதி. அதை அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போட்டோ, காண்டாக்ட், ஆப் இவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இரண்டு போனையும் கேபிளில் இணைத்து, செட்டப் திரையில் கேட்பதற்கு ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் வந்துவிடும். (கேபிள் டேட்டா கடத்தும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் போன்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.) மாட்டிக்கொள்ள வைப்பவை வேறு. சிம்மை நம்பி இருப்பவை, பழைய போன் கையில் இருந்தால்தான் நகர்த்த முடிகிறவை. அவற்றைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

இதனால்தான் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் எச்சரிக்கை தேவை. ஆன்லைனில் எக்ஸ்சேஞ்ச் போட்டு வாங்கினால், டெலிவரி கொடுப்பவர் புதிய போனைக் கொடுக்கும்போதே பழையதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இரண்டு போனும் ஒன்றாக உங்கள் கையில் இருக்கும் நேரமே கிடைக்காது. எக்ஸ்சேஞ்சில் கிடைப்பது சொற்பத் தொகை என்றால் பழையதை ஒரு வாரம் வைத்திருந்து தனியாக விற்பது நல்லது. எக்ஸ்சேஞ்ச்தான் என்று முடிவானால் டெலிவரிக்கு முந்தைய நாளே எல்லா பேக்கப்பும் முடிந்திருக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: வங்கிக் கணக்கில் எந்த நம்பர், ஆதாரில் எந்த நம்பர், கூகுள் கணக்கின் மீட்பு நம்பர் எது. மாணவர்களிடம் இது மூன்றும் மூன்றாக இருப்பது சகஜம். பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கில் அப்பா நம்பர், ஆதாரில் அம்மா நம்பர், கூகுளில் எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பர். 90 நாள் பயன்பாடே இல்லாத நம்பரைத் தொலைத்தொடர்பு நிறுவனம் துண்டிக்கலாம். பிறகு அது வேறொருவருக்குப் போய்விடும். அந்த நம்பருக்கு வரும் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான். ஆகவே கூகுள் மீட்பு நம்பரை இன்றே மாற்றுங்கள். வங்கி நம்பரை உங்கள் சொந்த நம்பராக மாற்றப் பாஸ்புக்குடன் கிளைக்குப் போங்கள். ஆதாரில் நம்பர் மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போகலாம். இவை இரண்டும் உடனே முடிகிற வேலையல்ல. செமஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது முடித்துவிடுங்கள்.

அடுத்தது கூகுள் கணக்கு. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இதே கணக்கில்தான் சேருகிறது. இடம் நிரம்பிவிட்டால் போட்டோ பேக்கப் நின்றுவிடும். அதைவிடக் கொடுமை, மெயிலும் வராது. பிளேஸ்மென்ட் நேரத்தில் அது பெரிய இழப்பு. எனவே மாறுவதற்கு முன் சேமிப்பு அளவைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் குவிந்த வீடியோக்களை அழித்தாலே நிறைய இடம் வந்துவிடும்.

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பேக்கப் கோடு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றும் 8 இலக்கம், மொத்தம் 10 கோடு, ஒரு கோடு ஒரு முறைதான் செல்லும். போன் தொலைந்து, சிம்மும் போனால் உள்ளே நுழைய இது கைகொடுக்கும். அதைப் போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துப் பயனில்லை. தாளில் எழுதிச் சான்றிதழ் ஃபைலில் வையுங்கள்.

அத்தென்டிகேட்டர் ஆப் (கணக்கில் நுழையும்போது கேட்கும் 6 இலக்கக் கோடைத் தருவது) பயன்படுத்துகிறவர்கள் இங்கே நிதானமாகச் செய்ய வேண்டும். பழைய போனில் கூகுள் அத்தென்டிகேட்டரைத் திறந்து, மெனுவில் கணக்குகளை மாற்றும் பகுதிக்குப் போய், எக்ஸ்போர்ட் கொடுத்தால் க்யூஆர் வரும். புதிய போனின் அத்தென்டிகேட்டரில் அதை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஏதாவது ஒரு கணக்கில் வெளியேறி, புதிய போனில் வரும் 6 இலக்கத்தைப் போட்டு உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். அது வேலை செய்த பிறகுதான் பழையதிலிருந்து நீக்க வேண்டும். பொறியியல் மாணவர்களுக்குக் குறிப்பாக: கிட்ஹப் (புரோகிராம் கோடுகளைச் சேமித்து வைக்கும் தளம்) கணக்கின் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் மீட்புக் கோடுகளையும் ஒருசேர இழந்தால், அவர்களின் சப்போர்ட் குழுவாலும் அந்தக் கணக்கைத் திறந்து தர முடியாமல் போகலாம். நான்கு வருட புராஜெக்ட் அதற்குள் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் இரண்டு வழி உண்டு. இரண்டு போனும் கையில் இருந்தால் டிரைவ் வழியே போகாதீர்கள், நேரடி மாற்றமே மேல். இரண்டிலும் வைஃபையும் லொகேஷனும் ஆனில் இருக்கட்டும். பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், அதற்குள் சாட் டிரான்ஸ்ஃபர். புதிய போனில் அதே நம்பரைப் பதிந்ததும் வரும் க்யூஆரைப் பழைய போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். முடியும்வரை இரண்டு போனையும் அருகருகே வையுங்கள். ஐபோனுக்கு மாறுகிறவர்கள் ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப் வழியாகச் செய்ய வேண்டும். ஐபோன் புதிதாகவோ ரீசெட் செய்ததாகவோ இருந்தால்தான் அது நடக்கும். செட்டப் முடித்து நாலு நாள் பயன்படுத்திய பிறகு ஞாபகம் வந்தால் மறுபடி ரீசெட்தான்.

டிரைவ் பேக்கப்பிலிருந்து எடுப்பதாக இருந்தால் நம்பரும் கூகுள் கணக்கும் அதேயாக இருக்க வேண்டும். “பேக்கப் எதுவும் இல்லை” என்று வந்தால் பெரும்பாலும் பேக்கப் வேறொரு ஜிமெயிலில் போய்க் கிடக்கிறது என்று பொருள். பேக்கப்பை என்கிரிப்ட் செய்து (பூட்டி) வைத்திருந்தால், பாஸ்வேர்ட், 64 இலக்கச் சாவி என அப்போது நீங்கள் தேர்ந்தெடுத்தது கட்டாயம். மறந்தால் வாட்ஸ்அப்பாலும் திறக்க முடியாது. இரண்டு கட்டச் சரிபார்ப்பின் 6 இலக்கப் பின் மறந்து, மீட்பு மெயிலும் கொடுக்காமல் விட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் பழைய போனில் முன்கூட்டியே சரிபார்க்கலாம்.

வகுப்பு குரூப்பில் வந்த பிடிஎஃப் நோட்ஸுக்கு பேக்கப்பை மட்டும் நம்ப வேண்டாம். நீங்கள் டவுன்லோடு செய்யாமல் விட்ட பழைய ஃபைல் சர்வரில் எப்போதும் இருந்துகொண்டிருக்காது; சில வாரம் கழித்துத் தொட்டால் அனுப்பியவரிடமே மறுபடி கேட்கச் சொல்லும். டவுன்லோடு செய்தவை ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’, அதற்குள் ‘com.whatsapp’, அதற்குள் ‘வாட்ஸ்அப்’, அதற்குள் இன்னொரு ‘மீடியா’, அதற்குள் ‘வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ்’ என்ற இடத்தில் இருக்கும். லேப்டாப்பில் கேபிள் போட்டு அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து, பாடவாரியாகப் பெயர் மாற்றி வையுங்கள். கல்லூரி கொடுத்த மெயில் கணக்கின் டிரைவில் வைப்பதாக இருந்தால் ஒன்று கவனிக்கவும்: படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கைக் கல்லூரி மூடிவிடலாம். சொந்தக் கணக்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

யுபிஐக்கு வருவோம். அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஆப்பைப் புதிய போனில் திறந்ததும் அது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாக அனுப்பும். அந்த எஸ்எம்எஸ் எந்த நம்பரிலிருந்து வருகிறதோ அதை வைத்துத்தான் வங்கிக் கணக்கைத் தேடும். அதனால் வங்கியில் பதிந்த நம்பரின் சிம் அந்தப் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். அப்பாவிடம் போனில் ஓடிபி கேட்டுச் சமாளிக்கிற கதை இங்கே நடக்காது. எஸ்எம்எஸ் போகவில்லை என்றால் முதலில் ரீசார்ஜைப் பாருங்கள்; டேட்டா மட்டும் தரும் பேக் போட்டிருந்தால் எஸ்எம்எஸ் போகாது. இரண்டு சிம் இருந்தால் ஆப் கேட்கும்போது சரியான சிம்மைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு இல்லை என்று வருவதற்குப் பெரும்பாலும் தவறான சிம்தான் காரணம். எஸ்எம்எஸ் அனுமதியையும் மறுத்துவிடாதீர்கள்.

யுபிஐ பின்னை மாற்றத் தேவையில்லை. அது வங்கிக் கணக்கோடு இருப்பது, போனோடு இருப்பது அல்ல. பழைய பின்னே வேலை செய்யும். மறந்திருந்தால் டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதி மாத, வருடமும் போட்டுப் புதிதாக வைக்கலாம். கார்டு வாங்காதவர்களுக்குப் பல வங்கிகளில் ஆதார் ஓடிபி வழி உண்டு. அதற்கும் ஆதார் நம்பர் சரியாக இருக்க வேண்டும்.

போன் மாற்றிய முதல் 24 மணி நேரத்தில் யுபிஐயில் அனுப்பக்கூடிய தொகை பொதுவாக ₹5,000தான். ஃபீஸ் கட்டக் கடைசி நாளில் போன் மாற்றாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அதோடு புதிய சிம் அட்டை வாங்கினாலோ இ-சிம்முக்கு மாறினாலோ 24 மணி நேரத்துக்கு அந்த நம்பரில் எஸ்எம்எஸ் வரவும் போகவும் தடை இருக்கும். மோசடிக்காரர்கள் சிம்மை மாற்றிப் பணத்தை உருவாமல் இருக்க வைத்த ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் அன்றைக்கு ஓடிபியும் வராது, யுபிஐயும் பதியாது. போன் மாற்றமும் சிம் மாற்றமும் ஒரே நாளில் வேண்டாம்.

யுபிஐ லைட்டில் (பின் போடாமல் சிறு தொகை கட்டும் வாலட்) பணம் போட்டிருந்தால் பழைய போனிலேயே அதை மூடி, பணத்தை வங்கிக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். அந்த இருப்பு (அதிகபட்சம் ₹5,000) அந்தப் போனோடு கட்டப்பட்டது. கேன்டீனுக்கும் ஜெராக்ஸுக்கும் என்று ஐந்நூறு, ஆயிரம் போட்டு வைத்தவர்கள் இதை மறப்பது அதிகம்.

அரசின் டிஜிட்டல் சான்றிதழ்ப் பெட்டகமான டிஜிலாக்கரில் பயப்பட ஒன்றுமில்லை. சான்றிதழ்கள் போனில் இல்லை. நம்பர், ஓடிபி, 6 இலக்கப் பின் இருந்தால் எந்தப் போனிலும் திறக்கும். மதிப்பெண் சான்றிதழ் ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ பகுதியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதுதான் அசலுக்குச் சமம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியதற்கு அந்த மதிப்பு கிடையாது.

ஒரு வாரம் எல்லாம் ஓடிய பிறகு பழைய போனை விற்கலாம். முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள், அப்புறம் செட்டிங்ஸ் வழியாகவே ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் பட்டன்களை அழுத்தி ரிக்கவரி வழியாக ரீசெட் செய்தால் போன் மறுபடி உங்கள் கூகுள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். வாங்கியவர் உங்களைத் தேடி வருவார். ஐபோனாக இருந்தால் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிய பிறகு ரீசெட்.

புதிய போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண். பேக்கப் கோடு எழுதிய தாளிலேயே அதையும் எழுதி, பில்லையும் சேர்த்து வையுங்கள். போன் திருடு போனால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க இந்த எண்ணும் போலீஸ் புகார் நகலும் தேவைப்படும். ஓடிபி பெற ஒரு நம்பரும் வேண்டும் என்பதால், அதே நம்பரில் மாற்றுச் சிம்மை முதலில் வாங்கிவிடுங்கள். யுபிஐயில் பணம் போயிருந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.