பழைய மெஷின், பழைய கம்ப்யூட்டர்: கணக்கில் வராத செலவுகள் (கேள்வி பதில்)

சிறு தொழில் செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கடைகளிலும் பட்டறைகளிலும் கம்ப்யூட்டர், மின்சாதனப் பராமரிப்பு பார்க்கும் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி (மளிகை மொத்த வியாபாரம், திண்டுக்கல்): 2012-ல் வாங்கிய கம்ப்யூட்டர், விண்டோஸ் 7. பில் போட ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எதற்கு சார் மாற்ற வேண்டும்?

பதில்: ஓடுகிறது சரி, எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். நாளைக்கு ஒரு மணி நேரம் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, பொருள் பெயர் அடித்ததிலிருந்து பில் கிழிக்கும் வரை செல்போனில் நேரம் குறியுங்கள். ஒரு பில்லுக்கு 40 வினாடி வீணானால், ஒரு நாளின் 200 பில்லுக்கு 8,000 வினாடி, அதாவது 2 மணி 13 நிமிடம். மாதம் 26 நாளில் கிட்டத்தட்ட 58 மணி நேரம். ஓர் ஆளுக்கு ஒரு வாரச் சம்பளத்தைச் சும்மா உட்காரக் கொடுக்கிறீர்கள்.

பெரும்பாலும் குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க்தான். முதலில் பில்லிங் டேட்டாவை பென்டிரைவில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். பிறகு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) போட்டு, ராமை (வேலை நேர மெமரி) 8 ஜிபி ஆக்குங்கள். அந்தக் காலத்து போர்டுக்குப் பெரும்பாலும் டிடிஆர்3 வகை ராம்தான் சேரும். பழைய ராமைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஆனால் இன்டர்நெட் விஷயம் வேறு. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-லேயே நின்றுவிட்டது. குரோம் 109-க்கு மேல் அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இந்த மெஷின் தகுதி பெறாது. அதனால் இதை நெட் இல்லாமல் பில்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி, பேங்க் வேலைக்குப் புதிதாக ஒன்று கட்டாயம் வேண்டும்.

கேள்வி (அதே கடை): டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் மாற்றணுமா?

பதில்: வேண்டாம். கார்பன் காப்பி தேவைப்படும் வரை அதுதான் சிக்கனம். ஒரே சிக்கல்: புதுக் கம்ப்யூட்டரில் பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் கேபிள் மாட்டும் இடம்) பெரும்பாலும் இருக்காது. யுஎஸ்பி மாற்றி கேபிள் போட்டால், எல்பிடி1-க்கு (பேரலல் போர்ட்டின் பெயர்) நேராக அனுப்பும் பழைய பில்லிங் சாஃப்ட்வேர் பிரிண்டரைக் கண்டுபிடிக்காது. விண்டோஸில் பிரிண்டரை ஷேர் செய்து, 'நெட் யூஸ்' என்ற கட்டளையால் எல்பிடி1-ஐ அதோடு இணைத்தால் பிரிண்ட் வரும்.

கேள்வி (மாவு மில், கோவை): 10 ஹெச்பி மோட்டார், மூன்று முறை ரீவைண்டிங் (காயில் மறுபடி சுற்றுவது) ஆகிவிட்டது. புதுசு வாங்கக் கை வரவில்லை.

பதில்: 10 ஹெச்பி என்றால் 7.5 கிலோவாட். மின்சிக்கனத் தரத்தில் ஐஇ1 கீழ்ப்படி, ஐஇ3 மேல்படி. உங்கள் பழையதை நான்கு துருவ ஐஇ1 மோட்டார் என்று வைத்தால் அதன் திறன் 86 சதவீதம், ஐஇ3-க்கு 90.4. முழு லோடில் பழையது 8.72 கிலோவாட் இழுக்கும், புதியது 8.30. நாளைக்கு 16 மணி நேரம், வருஷம் 300 நாள் ஓடினால் சுமார் 2,000 யூனிட் வித்தியாசம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 16,000 ரூபாய். நாளைக்கு நாலு மணி நேரம்தான் ஓடுகிறது என்றால் 4,000. அப்போது அவசரப்பட வேண்டாம்.

இது பழைய மோட்டார் நல்ல நிலையில் இருந்தால் வரும் கணக்கு. பழைய காயிலை எடுக்க ஸ்டேட்டரை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் தகடுகளுக்கு இடையிலுள்ள இன்சுலேஷன் கருகி, இரும்பு நஷ்டம் கூடும். ஒல்லிக் கம்பி சுற்றினால் அதிலும் நஷ்டம். பெல்ட்டைக் கழற்றி, வெறும் மோட்டாரை ஓட்டி, மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டரால் (ஒயரைக் கவ்வி கரன்ட் அளக்கும் கருவி) ஆம்பியர் பாருங்கள். ரீவைண்டிங்குக்கு முன்பு இருந்ததைவிட ஏறியிருந்தாலோ, ஃபேஸுக்கு ஃபேஸ் வித்தியாசம் தெரிந்தாலோ, இன்னொரு முறை சுற்றக் காசு கொடுக்காதீர்கள்.

புதியது மாட்டும்போது ஓவர்லோட் ரிலேயை (கரன்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் சாதனம்) புது நேம்பிளேட் ஆம்பியருக்கு மாற்றி வையுங்கள். ஐஇ3 கொஞ்சம் வேகமாகச் சுற்றும். புல்லி அளவையும் சரிபாருங்கள்.

கேள்வி (சிஎன்சி ஜாப் ஒர்க், ஓசூர்): ஃபானக் கம்பெனியின் கம்ப்யூட்டர் கன்ட்ரோலில் ஓடும் பழைய லேத். திரையில் பேட்டரி அலாரம் மினுக்குகிறது. வேலை நடப்பதால் விட்டுவிட்டோம்.

பதில்: இன்றைக்கே மாற்றுங்கள். பாராமீட்டர் (மெஷினின் அமைப்பு எண்கள்), ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தங்கள்), புரோகிராம் எல்லாம், மெயின் அணைந்திருக்கும்போது அந்தச் சின்ன பேட்டரி தரும் கரன்ட்டில்தான் நிற்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்து வைத்திருக்கும்போது அது தீர்ந்தால், திங்கள் காலை மெஷின் வெறும் இரும்பு. லேத் தயாரித்த கம்பெனி மூடியிருந்தால் பாராமீட்டருக்கு எங்கே போவீர்கள்?

முதலில் மெமரி கார்டிலோ ஆர்எஸ்-232 கேபிள் வழியாகவோ எல்லாவற்றையும் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். பிறகு கன்ட்ரோல் ஆனில் இருக்கும்போதே, எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டு பேட்டரியை மாற்றணும். அணைத்துவிட்டுக் கழற்றினால் டேட்டா போய்விடக்கூடும். பேனலுக்குள் கை போவதால் எலக்ட்ரீஷியனே செய்யட்டும். சர்வோ மோட்டார் பக்கம், நிற்கும் இடத்தை நினைவில் வைக்கும் அப்சல்யூட் என்கோடருக்குத் தனி பேட்டரி இருந்தால் அதையும் ஆனில்தான் மாற்றணும். தவறினால் ஹோம் பொசிஷன் (மெஷினின் தொடக்க இடம்) போய்விடும்.

கேள்வி (அச்சகம், சிவகாசி): பக்கம் அமைக்க பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் ஃபான்ட். ஆட்களுக்குப் பழகிய வேலை. இதில் என்ன நஷ்டம்?

பதில்: பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல், அதற்கு அடுத்த பதிப்பே இல்லை. யூனிகோடும் (செல்போன் முதல் எல்லாவற்றிலும் படிக்கும் பொது எழுத்துக் குறியீடு) தெரியாது. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். ஃபான்ட்தான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. அதனால் போன வருஷ அழைப்பிதழைப் பெயரைத் தமிழில் அடித்துத் தேடி எடுக்க முடியாது. அதே வாசகத்தை வாட்ஸ்அப்புக்குக் கேட்டால் மறுபடி டைப் அடிக்கிறீர்கள். அந்தக் கூலியை யார் பில்லில் சேர்க்கிறீர்கள்?

புது வேலைகளை யூனிகோடில் தொடங்குங்கள். பக்கம் அமைக்கும் இன்டிசைன் சாஃப்ட்வேரில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்ற அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறும். பழையதில் அடிக்கடி திரும்பி வரும் வேலைகளை மட்டும் மாற்றினால் போதும். பழைய எழுத்தை யூனிகோடாக்கும் கன்வெர்ட்டரில், உங்கள் ஃபான்ட்டுக்குச் சரியான குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள். பாமினி வேறு, டாப் வேறு, டாம் வேறு. நடுவிலுள்ள ஆங்கிலச் சொற்களை முன்பே பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் பாமினி போன்ற குறியீட்டில் அவையும் தமிழ்க் குப்பையாகும். 'கௌரி' என்பது 'கெளரி' என்று, கொம்பும் தனி ளகரமுமாக வந்திருக்கும். அதைத் திருத்த மொத்தமாக ரீப்ளேஸ் கொடுக்காதீர்கள். 'தெளிவு', 'வெள்ளி' எல்லாம் சேர்ந்து கெடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும்.