ஸ்காட்லாந்து மலைக்காடுகளில் நடுவில் அறுந்துபோகாத மவுண்டன் பைக் ரூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

"பீபிள்ஸ் பக்கம் காட்டுத் தடங்களைக் கோத்து ஒரு நாள் சுற்று போட ஆசை. ஆனால் மேப்பில் பார்த்தால் பாதி தடங்கள் நடுக்காட்டில் முடிந்துவிடுகின்றன, எப்படி இணைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். "நடுக்காட்டில் முடிந்துவிடுகின்றன" என்பதைப் படித்ததுமே என் இடது முழங்கால் விண்ணென்றது. காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் வேலைக்காக எடின்பரோ பக்கம் வந்து, பீபிள்ஸ் ஊருக்குப் பக்கத்தில் மவுண்டன் பைக்குக்கென்றே தடம் போட்டிருக்கும் கிளென்ட்ரெஸ் காட்டில் நீலப் பாதை (நடுத்தரம்), சிவப்புப் பாதை (கடினம்) எல்லாம் நாலைந்து முறை ஓட்டிச் சலித்து, இனி நாமே ரூட் போடலாம் என்ற இடத்துக்கு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நடுக்காட்டில் முடிகிற அந்தத் தடங்களை நமக்காக யாரும் போடவில்லை. மர லாரிக்காகப் போட்டார்கள். லாரிக்கு மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போகவேண்டிய வேலையே இல்லை. மரம் நிற்கும் இடம் வரை ஏற வேண்டும், சுமை ஏற்றிக்கொண்டு திரும்பி இறங்க வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் தடத்தின் கடைசியில் லாரி திரும்ப ஒரு வட்டம் இருக்கும், அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. எனக்கு இது 2022 அக்டோபர் கடைசி ஞாயிறு வரை தெரியாது.

அன்றைக்கு எலிபேங்க் காட்டில் ட்வீட் ஆற்றுப் பக்கமிருந்து ஏறினேன். 1:25,000 மேப்பில் (ஒரு சென்டிமீட்டருக்கு 250 மீட்டர்) முந்தின இரவே பார்த்து வைத்திருந்தேன்: கீழ்த்தடம் முடியும் இடத்துக்கும் மேல்தடத்தின் வாலுக்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 375 மீட்டர். நடுவில் பச்சைக்குள் வெள்ளையாக ஒரு நேர்க்கோடும் இருந்தது. 'சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்து நிமிஷம்' என்று பேப்பரில் எழுதியே வைத்தேன். அந்தப் பேப்பர் இன்னும் இருக்கிறது.

அந்த வெள்ளைக்கோடு பாதை இல்லை. மரத்தொகுதிகளுக்கு நடுவே விட்டு வைக்கும் சந்து. இங்கே நட்டிருப்பது பெரும்பாலும் சிட்கா ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். நடுவதற்கு முன் மலைச்சரிவை உழுதிருக்கிறார்கள். அந்தச் சால்கள் அப்படியே கிடக்க, மேலே புல் கொண்டை கொண்டையாக வளர்ந்து மூடியிருக்கிறது. கால் வைத்தால் புல், புல்லுக்குக் கீழே முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். போதாததற்கு முந்தின வருஷம் நவம்பர் 26-ல் வந்த ஆர்வென் புயல். வழக்கமாகத் தென்மேற்கிலிருந்து வரும் காற்றுக்குப் பழகிய மரங்களை அது வடக்கு, வடகிழக்கிலிருந்து அடித்தது. ஈர மண்ணில் சிட்காவுக்கு வேர் ஆழம் போகாது. தட்டுமாதிரி பரந்து கிடக்கும். மரங்கள் அந்தத் தட்டோடு பெயர்ந்து, சந்துக்குக் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும், நான் ஏறித் தாண்ட வேண்டும், மறுபடி தூக்க வேண்டும். எத்தனை மரம் என்று பதினேழு வரை எண்ணினேன். பதினெட்டாவதில் கால் சாலுக்குள் போய் முழங்கால் பெடல் முள்ளில் மோதியது. பிரேக் லீவர் இடுக்கில் ஊசியிலை, செயினில் பாசி, கையெல்லாம் பிசின். 375 மீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.

அன்றுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய நாள். ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. லைட் இல்லை. (ஆமாம், என் தப்புதான். கமெண்டில் வந்து சொல்லவேண்டாம்.) மேல்தடத்தின் சரளைக்கல் காலடியில் கரகரத்தபோது வந்த நிம்மதியை வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்த வாரத்தில்தான் உருப்படியான வழி கிடைத்தது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய மேப்புகள் இலவசமாக இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆறு அங்குல மேப்பை (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) இன்றைய சாட்டிலைட் படத்தின் மேல் போட்டு, மங்கலாக்கியும் தெளிவாக்கியும் பார்க்கலாம். வனத்துறை ஆணையம் ஆரம்பித்ததே 1919-ல். இந்தத் தோட்டக்காடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவை. பழைய மேப்பில் மரம் கிடையாது, வெறும் மலை. அதில் மாடு ஓட்டிப்போன பாதைகள் பளிச்சென்று தெரியும். அந்தப் பாதைகள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதற்காகவே உண்டானவை, நடுக்காட்டில் முடியாது. அதை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு லாரித் தடங்களை விலா எலும்பாகச் சேர்த்தால் சுற்று தானாக அமையும்.

நான் இடறிக்கொண்டிருந்த சந்துக்கு மேலே, அதே மலைமுதுகில் அப்படி ஒரு பழைய சாலை போகிறது. மின்ச் மூர் சாலை. 1645-ல் ஃபிலிப்ஹா போரில் தோற்ற மன்னர் தரப்புத் தளபதி மான்ட்ரோஸ் தப்பி ஓடிய வழி. இப்போது சதர்ன் அப்லண்ட் வே என்ற நெடுந்தூர நடைபாதை அதன் மேல்தான் போகிறது. ட்ரக்வேரிலிருந்து ஏறினால் வழியில் 'சீஸ் கிணறு' என்று ஒரு சின்ன ஊற்று. மலைத் தேவதைகளுக்கு வழிப்போக்கர்கள் சீஸ் வைத்துப்போவார்களாம். என் டப்பாவில் தயிர் சாதம்தான் இருந்தது. அதுவும் பாலில் வந்ததுதானே என்று ஒரு ஸ்பூன் வைத்தேன்.

"ஹீட்மேப் (மற்றவர்கள் ஓட்டிய ஜி.பி.எஸ். பதிவுகள் கோடுகளாக மின்னும் மேப்) பார்த்தால் போதாதா?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். பாருங்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் இன்னர்லீதனுக்கு மேலே கோல்ஃபி என்ற செங்குத்துத் தடப் பகுதியில் பளபளக்கும் கோடுகள் எல்லாம் செங்குத்தாக இறங்குபவர்கள் போட்டவை. அதில் ஏற நினைத்தால் சைக்கிள் உங்கள் மேல் ஏறும். பழைய மேப்பிலும் ஹீட்மேப்பிலும் ஒரு கோடு சேர்ந்து இருந்தால் நம்பிப் போவேன். ஒன்றில் மட்டும் என்றால் திரும்பி வர நேரம் ஒதுக்கிக்கொண்டு போவேன்.

இங்கிலாந்து நண்பர்கள் "ஃபுட்பாத்தில் சைக்கிள் ஓட்டக் கூடாது" என்று பயமுறுத்துவார்கள். அது அவர்கள் ஊர்ச் சட்டம். ஸ்காட்லாந்தில் 2003-ம் வருஷ நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலான நிலத்தில் சைக்கிளிலும் போகலாம். வீட்டு முற்றம், பயிர் நிற்கும் வயல் எல்லாம் விலக்கு. மரம் வெட்டும் போர்டு இருந்தால் ஞாயிறு என்றாலும் திரும்பிவிடுங்கள்.

உண்மையில் எனக்கு மலையை விடப் பெரிய தொல்லை வீட்டுப் படிக்கட்டு. மூன்றாம் மாடி. பொதுப் படிக்கட்டில் சைக்கிள் வைத்தால் தீ விபத்து ஆபத்தாம், சரி, ஒப்புக்கொள்கிறேன். அதே படிக்கட்டில் மூன்று வருஷமாக ஒரு சோபா நிற்கிறது, அதற்கு மட்டும் தீ பிடிக்காதா? சோபாவுக்கு யாரும் சீட்டு ஒட்டவில்லை. சேறு படிந்த சைக்கிளைத் தோளில் தூக்கி ஹாலில் வைத்து, மனைவியிடம் வாங்கிக்கட்டிக்கொள்வது நான்.

விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை வட்டமாகப் போடாதீர்கள். இன்னர்லீதனில் ஆரம்பித்து ட்ரக்வேர், மின்ச் மூர், பிரவுன் நோ என்ற குன்றுகள், ஆளை விட உயரமாக மூன்று கற்குவியல்கள் நிற்கும் த்ரீ பிரெத்ரென், அங்கிருந்து யேர் காட்டுக்குள் இறங்கி கலாஷீல்ஸ் ஸ்டேஷன். பழைய சாலையை விட்டு விலகாமல், அது காட்டுத் தடங்களை எங்கெங்கே வெட்டுகிறது என்று மேப்பில் குறித்துக்கொண்டே போங்கள். இரண்டாம் தடவைக்கான சுற்று அந்தக் குறிகளிலேயே இருக்கும். அக்டோபர் என்றால் லைட் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.