கேட்டால் சொல்கிறேன்: சர்வீஸ் ஏறினால் பணிவு வருமா?

கேள்வி: உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் 4 வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் மேனேஜருக்கு 25 வருட சர்வீஸ். மெஷின் சத்தம் ஒரு மாதிரி இருக்கிறது சார் என்று சொன்னால்கூட, "உன் வயசு என் அனுபவம்ப்பா" என்று வாயை அடைத்துவிடுகிறார். அனுபவம் கூடினால் பணிவும் வரும் என்பார்களே, இவருக்கு மட்டும் ஏன் வரவில்லை? (ஓசூர் வாசகர்)

பதில்: நரை தானாக வரும். பணிவு அப்படி வருகிற சாமான் இல்லை. பார்க்கப்போனால் சர்வீஸ் ஏற ஏற, நம் தப்பைச் சொல்லும் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பத்துப் பேர் திட்டுவார்கள், மேனேஜர் ஆனபிறகு யார் திட்டுவது? யாரும் சொல்லாததால் தப்பே நடப்பதில்லை என்று அவரும் நம்ப ஆரம்பித்துவிடுகிறார், அவ்வளவுதான்.

ஒரு உதாரணம்: 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலையம், கடும் பனிமூட்டம். கே.எல்.எம். என்ற டச்சு நிறுவனத்தின் ஜம்போ விமானத்தை ஓட்டிய கேப்டன் அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பாடம் எடுப்பவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானியை, இந்த ரக விமானம் ஓட்டலாம் என்று சோதித்துத் தேர்ச்சி கொடுத்தவரும் அவரேதான். அனுமதி வருமுன்னே கேப்டன் வண்டியைக் கிளப்பப் பார்க்க, துணை விமானி ஒரு தடவை தடுத்தார். இரண்டாவது தடவை அழுத்திச் சொல்லவில்லை. ஓடுபாதையில் வேகமெடுத்த பிறகு, முன்னால் இருக்கிற பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகியாச்சு என்று அடித்துச் சொன்னார் கேப்டன். இரண்டு விமானமும் மோதி 583 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கையில் ஒரு விஷயம் என்னை இன்னும் உறுத்துகிறது: அந்தக் கேப்டன் ரொம்ப நாளாக அதிகம் இருந்தது பயிற்சிக் கூண்டில், அதாவது தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில். அங்கே புறப்பட அனுமதி கொடுப்பது கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை, பயிற்சி தருகிறவரே. அதாவது அவரே!

இதற்கப்புறம்தான் கேப்டன்களுக்குக் காது கொடுக்கவும், கீழே இருப்பவர்களுக்கு வாய் திறக்கவும் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் யுனைடெட் 232 விமானத்தின் வால் இன்ஜின் சிதறி, திருப்புவதற்கான மூன்று ஹைட்ராலிக் இணைப்பும் ஒரேயடியாகப் போய்விட்டது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ், 33 வருட சர்வீஸ். பயணியாக வந்த ஒரு பயிற்சி விமானி உதவட்டுமா என்று கேட்க, அவரை உள்ளே கூப்பிட்டு மீதி இரண்டு இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை அவர் கையில் கொடுத்தார். இருந்தவர்கள் 296 பேர், 184 பேர் பிழைத்தார்கள். கேப்டன் சொன்னதே வேதம் என்று இருந்த காலத்தில் சில விமானங்களை இழந்திருக்கிறோம் என்று பிற்பாடு அவரே சொன்னார்.

ரெண்டு பேருக்குமே அனுபவத்தில் குறைச்சல் இல்லை. உங்கள் மேனேஜரை மாற்ற என்னிடம் மருந்தில்லை. ஆனால் நீங்கள் இரண்டாவது தடவையும் சொல்லுங்கள், வாயால் மட்டும் இல்லாமல் மெஷின் நம்பர், நேரம் போட்டு ஷிப்ட் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எழுத்தின் வாயை அவரால் அடைக்க முடியாது.

கேள்வி: அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். ஏன்? (கும்பகோணம் வாசகி)

பதில்: குறைகுடம் என்று நம் பாட்டிகள் சொன்னதை 1999இல் டன்னிங், க்ரூகர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களுக்குப் பரீட்சை வைத்தே பார்த்தார்கள். மார்க்கில் கடைசி வரிசை ஆட்கள் உண்மையில் நூற்றில் 88 பேருக்குப் பின்னால் இருந்தார்கள், ஆனால் 62 பேரை முந்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்தவுடன் எல்லோருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம்தான் வருகிறது, கண்ணாடி யாருக்கும் ஞாபகம் வருவதில்லை, அது தனிக்கதை. எனக்குப் பிடித்தது ஆய்வின் கடைசிப் பகுதி. அவர்களுக்குக் கொஞ்சம் பாடம் சொல்லிக் கொடுத்ததும் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மார்க்கைக் குறைத்துக்கொண்டார்கள். கற்றுக்கொண்டால்தான் தெரியாதது தெரிகிறது.

கேள்வி: டீம் லீடராகி ஆறு மாதம் ஆகிறது. "தெரியாது" என்று சொன்னால் மதிப்பார்களா?

பதில்: "தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். நாளைக்குச் சொல்லிவிடவும் வேண்டும், பலரும் கோட்டை விடுவது அங்கேதான்.

கேள்வி: ஊருக்கு உபதேசம் இருக்கட்டும், உங்களுக்கு எப்போது பணிவு வந்தது? (மதுரை வாசகர்)

பதில்: வந்துவிட்டதாக யார் சொன்னது? சரி, ஒன்று சொல்கிறேன். 23 வயதில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை. ஈய எழுத்துக் காலம். அங்கே ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோக்கிற ஒரு வயதான கம்பாசிடர், எட்டாவதோடு நின்றவர், தலைகீழாகக் கிடக்கும் எழுத்தை நாம் பேப்பர் படிப்பதுபோல் படிப்பார். கும்பாபிஷேக நோட்டீஸ் ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தவர், "தம்பி, தேதிக்கும் கிழமைக்கும் இடிக்குதே" என்றார். சுவரில் தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. நான் எம்.ஏ. தமிழ்! "கையெழுத்துக் காப்பியில இருக்கறபடி கோத்தாப் போதும் ஐயா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றேன்.

2,000 நோட்டீஸ் அடித்து, கட்டைப் பிரித்த கோயில் கமிட்டிக்காரர் கிழமை தப்பு என்று கத்தியபோது சாயங்காலம் ஆறு மணி. முதலாளி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டியதில்லை. சரியான கிழமையைத் துண்டுச்சீட்டாக அடித்து ஒவ்வொன்றிலும் ஒட்ட வேண்டும் என்று ஆனது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கம்பாசிடர் மட்டும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மைதாப் பசை காய்ச்சிக்கொண்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். ராத்திரி ஒரு மணி வரை ஒட்டினோம். அந்தக் கிழமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை, "பசையக் கம்மியாத் தடவு தம்பி, பேப்பர் சுருங்கும்" என்றார். கம்மியாகத் தடவினேன்.