சுவருக்கு நடுவே ஒரு ஜன்னல்

கேள்வி: மகளைப் பார்க்க நியூயார்க் போயிருந்தபோது, ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண்ணில், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் பழைய குடித்தனக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அங்கே முன்னறைக்கும் சமையலறைக்கும் இடையில் உள்ள சுவரில் பெரிய ஜன்னல்! வெளியே பார்க்காத ஜன்னல் எதற்கு?

பதில்: அதே ஜன்னல் முன்னால் நானும் நின்றிருக்கிறேன் அம்மா. நாற்பது வருஷம் வீட்டுப் பிளான் போட்டே பிழைத்தவன், முதலில் ‘கொத்தனார் குழம்பிவிட்டார்’ என்றுதான் நினைத்தேன். கொத்தனார் மேல் தப்பில்லை. சட்டம் உடைக்கச் சொன்ன சுவர் அது.

1863-இல் லூகாஸ் குளோக்னர் என்ற ஜெர்மன் தையல்காரர் கட்டிய வீடு. 25 அடி அகல மனை, ஐந்து மாடி, 22 குடித்தனம், அடித்தளத்தில் ஒரு மதுக்கடை. ஒரு குடித்தனத்துக்கு 325 சதுர அடி. முன்னறை, சமையலறை, படுக்கையறை மூன்றும் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. மாடிக்கு நான்கு குடித்தனம், ஆக 12 அறை. அவற்றில் தெருவையோ கொல்லையையோ பார்த்த அறை நான்குதான். மிச்சம் எட்டும் பகலிலேயே இருட்டு. தண்ணீரும் கழிப்பறையும் கொல்லையில். மேல்மாடிக்காரி ஒவ்வொரு வாளியையும் படியேறித்தான் சுமந்தாக வேண்டும்.

நியூயார்க் சட்டம் 1867-இலேயே ‘டெனமென்ட்’ என்றால் என்ன என்று சொல்லிவிட்டது: மூன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் தனித்தனியே வாழ்ந்து, தனித்தனியே சமைக்கும் வீடு. அடுப்பை எண்ணிக் குடும்பத்தை எண்ணியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த இலக்கணம் இது. 1879-இல் படுக்கையறைக்கு வெளிக்காற்று வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. ஆனால் அது புதுக் கட்டடங்களுக்கு. கட்டி முடித்த வீட்டை யார் தொடுவார்?

1901 சட்டம்தான் தொட்டது. இருட்டறைச் சுவரை உடைத்து ஜன்னல் வை, நடையில் விளக்குப் போடு, கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவா என்றது. வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கேட்டி மோஷென் என்ற வீட்டுக்காரி, கழிப்பறையை மாற்றச் சொல்வதே அநியாயம் என்று உச்ச நீதிமன்றம் வரை போய், 1906-இல் தோற்றார். 97-ஆம் எண் வீட்டில் 1905 வாக்கில் மாடிக்கு இரண்டு கழிப்பறை வந்தன. நீங்கள் பார்த்த ஜன்னலும் அந்தச் சட்டத்தின் வேலைதான். அதன் வழியாகக் காற்று பெரிதாக ஓடியிருக்கும் என்று நான் நம்பவில்லை. முன்னறை வெளிச்சத்தில் கொஞ்சம் உள்ளே கசிந்திருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: அங்கே தையல்காரர்களைப் பற்றியே நிறையச் சொன்னார்களே?

பதில்: ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டாமா? அந்த வீட்டில் குடியிருந்த ஜூலியஸ் கம்பெர்ட்ஸ் 1874-இல் ஒருநாள் வேலைக்குக் கிளம்பியவர், திரும்பவே இல்லை. மனைவி நடாலி துணி தைத்துக் குழந்தைகளை வளர்த்தார். பிறகு லெவைன் குடும்பம் வீட்டுக்குள்ளேயே தையல் பட்டறை நடத்தியது. இரண்டு கதையிலும் தையல் வேலைக்கு லாயக்கான இடம் முன்னறைதான். படுக்கையறையில் பட்டப்பகலில்கூட விளக்கேற்ற வேண்டும்.

கேள்வி: இவ்வளவு பழைய வீடு எப்படி இடிபடாமல் தப்பியது?

பதில்: வீட்டுக்காரரின் கணக்கால். மாடிப்படி மரம். தீப்பிடிக்காதபடி மாற்று என்று சட்டம் நெருக்கியது. செலவை யோசித்த அவர் 1935-இல் மாடிக் குடித்தனங்களைக் காலி செய்ய வைத்தார். கீழே கடை வாடகை மட்டும் போதும் என்று மேலே பூட்டிவிட்டார். அதுவரை அங்கே குடியிருந்தவர்கள் ஏறத்தாழ 7,000 பேர், இருபதுக்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள்.

ரூத் ஏப்ரம், அனிதா ஜேக்கப்சன் என்ற இரு பெண்கள் அருங்காட்சியகத்துக்கு இடம் தேடி 1988-இல் அங்கே வந்தார்கள். ஐம்பது வருஷமாக யாரும் வெள்ளையடிக்காத சுவரில், ஒவ்வொரு குடித்தனக்காரரும் முந்தையவர் ஒட்டியதன் மேலேயே ஒட்டிய பூப்போட்ட காகிதம், தோசை மேல் தோசை அடுக்கினாற்போல் இருந்தது. அடுத்த முறை போனால் ஜன்னலை விட்டுவிட்டு அந்தக் காகித ஓரத்தைப் பாருங்கள்.