ஃபாலோயரை விடுங்கள், 'டேட் ஆடட்' பாருங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நண்பர்கள் சேர்ந்து ஒரு தமிழ்ப் பாட்டு வெளியிட்டு மூன்று வாரமாகிறது. ஸ்பாட்டிஃபையில் 600 ஸ்ட்ரீமைத் தாண்டவில்லை. தனி ஆட்கள் நடத்தும் பிளேலிஸ்ட்களில் இடம் பிடித்தால்தான் பாட்டு நகரும் என்கிறார்கள். அவற்றை எங்கே தேடுவது? இன்ஸ்டாகிராமில் ஒருவர் 5,000 ரூபாய் கொடுத்தால் 50,000 ஸ்ட்ரீம் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். நம்பாதீர்கள். இத்தனை ஸ்ட்ரீம் என்று எண்ணிக்கை சொல்லி விற்கிறார் என்றாலே கேட்கப்போவது மனிதக் காது இல்லை. காசு வாங்கிக்கொண்டு பிளேலிஸ்ட்டில் இடம் கொடுப்பதே ஸ்பாட்டிஃபை விதிகளுக்குப் புறம்பு. போதாக்குறைக்கு, போலி ஸ்ட்ரீம் அப்பட்டமாகத் தெரிகிற பாட்டுக்கு, அதை ஸ்பாட்டிஃபையில் ஏற்றிக்கொடுத்த டிஸ்ட்ரிபியூட்டரிடமே பணம் பிடிப்பது என்று 2024-இல் கொண்டுவந்தார்கள். அவர் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாட்டையே தூக்கிவிடவும் செய்யலாம். அதே ஆண்டு வந்த இன்னொரு விதி, 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ராயல்டி இல்லை என்பது. 600-இல் நிற்பவருக்கு அந்த 1,000 கண்ணை உறுத்தத்தான் செய்யும். இந்த வியாபாரிகள் வலை விரிப்பதும் அங்கேதான்.

இப்போது பிளேலிஸ்ட்டுக்கு வருவோம். 'ஹாட் ஹிட்ஸ் தமிழ்' மாதிரி ஸ்பாட்டிஃபை ஆசிரியர்களே தொகுப்பவை ஒரு வகை. வெள்ளிக்கிழமை 'ரிலீஸ் ரேடார்', திங்கட்கிழமை 'டிஸ்கவர் வீக்லி' என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணினி போடுபவை இன்னொரு வகை. மூன்றாவது, தனி ஆட்கள் நடத்துபவை. நீங்கள் கேட்பது அதைத்தான். முதல் வகைக்கு, பாடகர்களுக்கென்றே ஸ்பாட்டிஃபை வைத்திருக்கும் 'ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ்' வழியாக, பாட்டு வெளிவருமுன் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். வெளிவந்த பாட்டுக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. அடுத்த பாட்டை ஒரு மாதம் முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஏற்றிவிடுங்கள். வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் விண்ணப்பித்தால், ஆசிரியர்கள் எடுக்காவிட்டாலும் உங்கள் ஃபாலோயர்களின் ரிலீஸ் ரேடாரில் அது போய்ச் சேரும்.

தனியார் பிளேலிஸ்ட்களைத் தேட, நேராகப் பிளேலிஸ்ட்டைத் தேடாதீர்கள். உங்களைப் போன்ற பாடகர்களைத் தேடுங்கள். உங்கள் பாட்டின் ரகத்தில் பாடுகிற, மாதக் கேட்போர் சில ஆயிரம் மட்டுமே உள்ள நாலைந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அனிருத்தை எடுத்தால் ஒன்றும் தேறாது. அவர் பாட்டு எல்லார் பட்டியலிலும் இருக்கும். சின்னப் பாடகரின் பக்கத்தில் கீழே இறங்கினால் 'டிஸ்கவர்ட் ஆன்' என்று ஒரு வரிசை வரும். அவருக்கு எந்தப் பட்டியல்களிலிருந்து ஆள் வருகிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பட்டியல்களைத் திறந்தால் அதில் இன்னும் பத்துப் பாடகர்கள் கிடைப்பார்கள், அவர்கள் பக்கத்தில் இன்னும் சில பட்டியல்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும், அந்தச் சின்ன வட்டாரம் முழுக்கப் பிடிபட்டுவிடும். அப்படியே நல்ல பாட்டு கொஞ்சம் கேட்டதாகவும் ஆகும்.

தேடல் பெட்டியையும் விடவேண்டாம். நம் ஆட்கள் பிளேலிஸ்ட்டுக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். 'தமிழ் நைட் டிரைவ்', 'மழை வைப்ஸ்' மாதிரி மனநிலையை வைத்து ஆங்கில எழுத்தில் தட்டி, பிளேலிஸ்ட் என்று வடிகட்டுங்கள். பட்டியலின் விவரக் குறிப்பில் நடத்துபவரின் இன்ஸ்டா பெயரோ மின்னஞ்சலோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சோதனை. இதில் சோம்பல் படக் கூடாது. கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே 'டேட் ஆடட்' என்று சேர்த்த தேதி இருக்கும். உயிருள்ள பட்டியலில் தேதிகள் தாறுமாறாக இருக்கும்: போன வாரம் இரண்டு, அதற்கு முந்தைய மாதம் ஐந்து, நடுவில் இரண்டு வருடமாக நகராமல் கிடக்கும் அவருக்குப் பிடித்த பாட்டுகள் சில. எல்லாப் பாட்டும் ஒரே நாளில் ஏறியிருந்து, அதில் தமிழ் மெலடிக்குப் பக்கத்தில் பிரேசில் டிரம்ஸ், அதற்கடுத்து ஜெர்மன் ராப், பாடியவர் ஒருவரையும் யாருக்கும் தெரியாது என்றால், அது காசுக்கு இடம் விடும் கடை. ஃபாலோயர் 40,000 இருந்தாலும் மூடிவிடுங்கள்.

அப்புறம், அந்தப் பட்டியலில் உள்ள சின்னப் பாடகர் ஒருவரின் பக்கத்தில் அவரை அதிகம் கேட்கும் ஊர்களைப் பாருங்கள். சென்னை, பெங்களூரு, கோலாலம்பூர் என்றிருந்தால் சரி. டொராண்டோ, பாரிஸ் வந்தாலும் பயப்படவேண்டாம். அங்கெல்லாம் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர். ஆனால் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடத்தில் அமெரிக்காவின் ஆஷ்பர்ன் நின்றால் யோசியுங்கள். டேட்டா சென்டர்களுக்குப் பேர்போன ஊர் அது, அங்கே கேட்பது மனிதராக இல்லாமல் இயந்திரமாக இருக்கலாம்.

இத்தனையும் தாண்டி 200 ஃபாலோயர் உள்ள ஒரு பட்டியல் தேறினால், என்னைக் கேட்டால் அதுதான் உங்களுக்கு லாபம். அங்கே கேட்பவர் பாட்டை சேவ் பண்ணுவார், உங்கள் பக்கத்துக்கு வந்து இன்னொரு பாட்டைப் போடுவார். கணினி அடுத்தவருக்குப் பரிந்துரைக்கக் கவனிப்பது அதைத்தான். முப்பது நொடிக்குள் தாண்டிப் போனால் அது ஸ்ட்ரீம் கணக்கிலேயே சேராது.

நடத்துபவருக்கு எழுதும்போது சுயசரிதை வேண்டாம். "உங்க பட்டியல்ல ஏழாவதா இருக்கிற பாட்டுக்காகத்தான் உள்ள வந்தேன். எங்க பாட்டும் அதே மாதிரி கிட்டாரும் ஒத்தைக் குரலும்தான். ஒரு நிமிஷம் ஐந்தாவது நொடியில பல்லவி வரும். பிடிச்சா சேர்த்துக்கோங்க, இல்லேன்னாலும் பரவாயில்ல." கூடவே பாட்டின் லிங்க், அவ்வளவுதான். ஒரே செய்தியை ஐம்பது பேருக்கு ஒட்டினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டலாம், அதற்கு மேல் நச்சரிப்பு.

சப்மிட்ஹப், குரூவர் போன்ற தளங்களில் காசு உண்டு, ஆனால் அது தொகுப்பாளர் பாட்டைக் கேட்டு பதில் சொல்வதற்கான கட்டணம். இடத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதால் விதிமீறல் ஆகாது. குரூவரில் 7 நாளில் பதில் வராவிட்டால் கிரெடிட் திரும்ப வந்துவிடும். வாத்திய இசை, லோ-ஃபை செய்பவர்கள் முயன்று பார்க்கலாம். தமிழ் வரிகள் உள்ள பாட்டுக்கு அங்கே காது குறைவு என்பதால், உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அதைவிட நீங்களே ஒரு பட்டியல் தொடங்குங்கள். உங்கள் ரகத்தில் இருபத்தைந்து பாட்டு, அதில் உங்களுடையது ஒன்றே ஒன்று, அதுவும் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ. வாரம் ஒரு பாட்டு மாற்றி, சேர்த்த பாடகரை இன்ஸ்டாவில் டேக் செய்யுங்கள். சிலர் அவர்கள் பட்டியலில் பதில் மொய் வைப்பார்கள்.

கேட்காமலேயே போலிப் பட்டியல்கள் உங்கள் பாட்டைத் தூக்கிப் போட்டுக்கொள்வதும் நடக்கும். ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் பிளேலிஸ்ட் பகுதியை வாரம் ஒருமுறை பாருங்கள். அறிமுகமில்லாத பட்டியலிலிருந்து திடீரென ஆயிரக்கணக்கில் ஸ்ட்ரீம் வந்து, சேவ் மட்டும் ஒற்றை இலக்கத்தில் நின்றால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்பாட்டிஃபையில் புகார் செய்யுங்கள். அன்றைக்கே டிஸ்ட்ரிபியூட்டருக்கும் மெயில் போட்டுவிடுங்கள். அபராதம் என்று பின்னால் கேட்டு வந்தால் காட்ட அந்த மெயில் கையில் இருக்கும்.