செட்டரின் கோபம் உங்கள் மேல் இல்லை

தம்பி, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் மோல்டிங் ஆலையில் திட்டமிடல் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். ஆர்டர் வந்த வரிசையிலேயே அட்டவணை போட்டுக் கொடுத்தால் மெஷினை அடுத்த ஆர்டருக்குத் தயார் செய்யும் செட்டர் முகத்தைச் சுளிக்கிறார், வெளிநாட்டுக்காரன் என்பதாலா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் அட்டவணையில் வெள்ளை பிளாஸ்டிக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கும் மாறி மாறி வருகின்றன. அவருடைய கோபம் அதன் மேல்தான்.

வெள்ளை ஓடிய மெஷினில் கறுப்பு போடுவது சுலபம். கறுப்புக்குப் பிறகு வெள்ளை என்றால், உருகிய பிளாஸ்டிக்கைத் தள்ளும் ஸ்க்ரூவில் ஒட்டியிருக்கும் கறுப்பு போகும்வரை பிளாஸ்டிக்கைத் தள்ளித் தள்ளி வீணாக்க வேண்டும். சுத்தமாகிவிட்டது என்று நினைக்கும்போதுதான் ஒரு பீஸில் சாம்பல் கோடு எட்டிப் பார்க்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மெஷினில் இப்போது வெள்ளை. 2 மணி நேர வெள்ளை ஆர்டர் இரண்டு, 1 மணி நேரக் கறுப்பு ஆர்டர் இரண்டு. கறுப்புக்கு மாற 1 மணி நேரம், வெள்ளைக்குத் திரும்ப 3 மணி நேரம் என்று வையுங்கள். மாற்றி மாற்றி ஓட்டினால் 11 மணி நேரம் ஆகும். வெள்ளையை முடித்துவிட்டுக் கறுப்புக்குப் போனால் 7 போதும். ஆனால் 4ஆவது மணியில் முடிந்திருக்க வேண்டிய முதல் கறுப்பு ஆர்டர் 6ஆவது மணிக்குத் தள்ளிப்போகிறது. அந்தச் சரக்குக்கு லாரி எப்போது வருகிறது என்று கேட்காமல் சேர்த்து ஓட்டாதீர்கள்.

அப்புறம், இந்த நாட்டுச் சட்டத்தையும் அட்டவணைக்குள் கொண்டுவாருங்கள். ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே பொதுவாக 11 மணி நேர ஓய்வு கட்டாயம். இரவு 10க்கு வேலை முடித்தவரைக் காலை 9க்கு முன்னால் கூப்பிட முடியாது. பெரிய மாற்றத்தைக் காலை 6 மணிக்கு வைத்தால் யார் செய்வார்? ஞாயிறு ஓட்டிச் சமாளிக்கலாம் என்ற நம்ம ஊர்க் கணக்கும் இங்கே செல்லாது.

மாற்றும் நேரத்தையே குறைக்கவும் வழி உண்டு. 1969இல் டொயோட்டாவில், தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் 1,000 டன் பிரஸ்ஸில் 4 மணி நேரம் எடுத்த அச்சு மாற்றத்தை ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ முதலில் 90 நிமிடத்துக்கும், பிறகு 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியதை முன்கூட்டியே முடித்துவிடுவதுதான் அதன் அடிப்படை. உங்கள் ஆலையில் அடுத்த மோல்டை, அதாவது அச்சை, முன்னாலேயே சூடாக்கி வைக்கிறார்களா?

அதைச் செட்டரிடமே கேளுங்கள். எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு எவ்வளவு நேரம் என்று ஒரு வெற்றுக் கட்டம் வரைந்து எடுத்துப் போய், அவர் கையாலேயே நிரப்பச் சொல்லுங்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும் போகாதீர்கள்.