அப்பா பெயர் மூன்று விதமாக இருக்கிறது, வாரிசுச் சான்றிதழ் எப்படி வாங்குவது?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பா மதுரை ஆஸ்பத்திரியில் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. வாரிசுச் சான்றிதழுக்கு மனு போட்டேன், நிராகரித்துவிட்டார்கள். ஆதாரிலும் இறப்புச் சான்றிதழிலும் அப்பா பெயர் கருப்பன், பட்டாவில் பெரியகருப்பன், ரேஷன் கார்டில் பெரியகருப்பு. வாரிசாக அம்மா, நான், தம்பி மூவர் பெயரைக் கொடுத்தேன். அக்காவைக் கட்டிக்கொடுத்துப் பதினைந்து வருடம் ஆகிறது, தனக்கு எதுவும் வேண்டாம் என்கிறார், அதனால் சேர்க்கவில்லை. அப்பத்தா எங்களோடுதான் இருக்கிறார். பட்டாவை எங்கள் பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்?"

தம்பி, நீங்கள் பெயர்க் குழப்பத்தைத்தான் பெரிதாக நினைக்கிறீர்கள். எனக்கு அதைவிட அக்காவும் அப்பத்தாவும் விடுபட்டதுதான் பெரிதாகப் படுகிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு முதல்நிலை வாரிசு யாரென்றால் மனைவி, மகன்கள், மகள்கள், அப்புறம் பெற்ற தாய். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்ற கேள்வியே அதில் கிடையாது. பெற்ற தாயை மறந்துவிட்டு மனு போடுகிறவர்கள் ஏராளம், ஏனென்றால் நம் வீடுகளில் வாரிசு என்றாலே பிள்ளைகள் என்றுதான் மனதில் நிற்கிறது. மகன் இறந்தபோது அப்பத்தா உயிரோடு இருந்தால் அவரும் வாரிசுதான். (முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு சட்டம், இதை அப்படியே அங்கே பொருத்த வேண்டாம்.)

அக்கா வேண்டாம் என்று சொல்வது அவர் பெருந்தன்மை. ஆனால் பங்கு வேண்டாம் என்பது வேறு, வாரிசே இல்லை என்பது வேறு. வாரிசுச் சான்றிதழ் சொத்தைப் பிரித்துக் கொடுக்கிற காகிதம் இல்லை. இறந்தவருக்கு இன்னின்னார் உறவு என்று தாசில்தார் சொல்கிற காகிதம், அவ்வளவுதான். அதில் அக்கா பெயர் இருந்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகும் அவருக்கு விருப்பமில்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கலாம். பதிவு செய்யாமல் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது எதற்கும் உதவாது. பெயரை மறைத்துச் சான்றிதழ் வாங்கினால், நாளைக்கு நிலத்தை விற்கும்போது வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்பதே "பெண் பிள்ளைகள் யாரும் இல்லையா" என்றுதான். சான்றிதழ் ரத்தாகும், பொய்யான உறுதிமொழி கொடுத்ததற்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டி வரும்.

சரி, பெயருக்கு வருவோம். இறந்தவரின் ஆதாரில் இனிமேல் திருத்தம் செய்ய முடியாது, அந்த அலைச்சல் வேண்டாம். அப்பா மதுரையில் இறந்ததால் இறப்பு அங்கேதான் பதிவாகியிருக்கும். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு, சொந்த ஊரில் இல்லை. ஆனால் வாரிசுச் சான்றிதழ் மனு அப்பா குடியிருந்த ஊரின் தாலுகாவுக்குத்தான் போக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மதுரைக்கும் ஊருக்கும் நடையாய் நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒத்துப்போவது உங்களுக்கு நல்லது, அதைத் தொட வேண்டாம். பட்டாவில் இருக்கும் பெரியகருப்பனும் இந்தக் கருப்பனும் ஒரே ஆள் என்று காட்ட வேண்டியதுதான் பாக்கி. அதற்கு "கருப்பன் (எ) பெரியகருப்பன்" என்று மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். 'என்கிற' என்பதன் சுருக்கமான அந்த (எ) எழுத்தை வருவாய்த்துறையில் எல்லோருக்கும் தெரியும். கூடவே ஆதாரமாக அப்பாவின் வாக்காளர் அட்டை, கிரயப் பத்திரம், பழைய வீட்டுவரி ரசீது, உங்கள் பள்ளி டி.சி. என எதிலெல்லாம் அவர் பெயர் இருக்கிறதோ அத்தனையையும் எடுங்கள். மூன்று பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரமும் வாங்கி வையுங்கள்.

இங்கே ஒரு விஷயம். ஒருமுறை ஒரு அம்மா மஞ்சள் பையிலிருந்து பழைய காகித ரேஷன் கார்டு ஒன்றை எடுத்தார், நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, உள்ளே செலோடேப் ஒட்டியிருந்தது. ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு இது எதற்கு என்று வீட்டில் தூக்கிப் போடப் பார்த்தார்களாம். அதில்தான் கட்டிக்கொடுத்த மகளின் பெயர், "மகள், வயது 14" என்று பேனாவால் எழுதியிருந்தது. அந்தப் பெண்ணின் இப்போதைய ஆதாரில் கணவர் பெயர்தான் இருந்தது, இந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று காட்ட வீட்டில் வேறெதுவும் இல்லை. உங்கள் வீட்டிலும் பழைய கார்டு எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அக்காவின் டி.சி. போதும். இப்போதைய கார்டிலிருந்து அப்பா பெயரை இன்னும் நீக்கவில்லை என்றால், நீக்குவதற்கு முன் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிராகரித்ததால் கதவு மூடிவிடவில்லை, புதிதாக மனு போடலாம். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய், அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். ஆதாரை வைத்து முதலில் கேன் நம்பர் (மனு போடுகிறவருக்கான இ-சேவைப் பதிவு எண்) பதிவார்கள்; அதில் உங்கள் கையில் இருக்கிற செல்போன் எண்ணையே கொடுங்கள், மனு எங்கே நிற்கிறது என்கிற குறுஞ்செய்தி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். ஆபரேட்டர் தட்டச்சு செய்ததும் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள், பின்னால் ஆள் நின்றாலும் பரவாயில்லை. பாதிக் கோளாறு அந்த ஐந்து நிமிடத்தில்தான் நடக்கிறது. பிறகு மனு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாசில்தாருக்குப் போகும். வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். நீங்களே அசல் காகிதங்களோடு அவரைப் போய்ப் பார்த்து, முதல் மனு ஏன் நிராகரிக்கப்பட்டது, இப்போது என்ன சரிசெய்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. காரணமே சொல்லாமல் இழுத்தால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள், அல்லது பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பட்டா மாறுதலுக்குத் தனி மனு. முதலில் ஐந்து பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாகத்தான் வரும். தனித்தனியாக வேண்டுமென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும், அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: அக்காவுக்குப் போன் போட்டு, உங்கள் பெயரையும் சேர்க்கிறோம், ஆதாரும் டி.சி.யும் வேண்டும், விசாரணைக்குக் கூப்பிட்டால் ஒருநாள் வர வேண்டும் என்று சொல்லுங்கள்.